டெக்ஸ்சர் போட்ட ஐகானுக்கு எந்த மென்பொருள்: ஃபோட்டோபியா, கிம்ப், கிரிட்டா, ஃபோட்டோஷாப்

ஒரு சின்னச் சதுரம். அதற்குள் ஒரு படம், மேலே பழைய தாள் மாதிரி ஒரு டெக்ஸ்சர், ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சக் கசிவு, கீழே ஒரு சொல். டிபிக்கோ அவதாருக்கோ இப்படி ஒன்றைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான். பதிலாக வருவது பெரும்பாலும் எத்தனை பிரஷ், எத்தனை ஃபில்டர் என்கிற பட்டியல். ஐகான் வேலைக்கு அந்தப் பட்டியல் அவ்வளவாக உதவாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நேற்று போட்ட டெக்ஸ்சரை இன்று மாற்ற நினைத்தால், சுற்றியிருக்கிற மற்ற வேலை எதுவும் கெடாமல் மாற்ற முடிகிறதா?

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் என்றால், ஐகானைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு செய்கிறோம், பார்ப்பவர்களோ நகத்தளவில் பார்க்கிறார்கள். திரை முழுக்க விரிந்திருக்கும்போது அருமையாகத் தெரிந்த தாள் சுருக்கம், சுருக்கிப் பார்த்தால் வெறும் அழுக்காகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. உடனே திரும்பிப் போய் டெக்ஸ்சரை நகர்த்துவீர்கள், பெரிதாக்குவீர்கள், ஒபாசிட்டியை (எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற சதவீதத்தை) 60-இலிருந்து 35-க்கு இறக்குவீர்கள், மறுபடி சுருக்கிப் பார்ப்பீர்கள். ஒரு ஐகானுக்கு இது பல தடவை நடக்கும். அந்தப் போக்குவரத்துக்கு இடம் கொடுக்கும் மென்பொருள் போதும், மற்ற வசதியெல்லாம் இருந்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

இந்தக் கலை வளர்ந்த இடம் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம். பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் 1999-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஐகானுக்கு 100 x 100 பிக்சல், 40 கேபி என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அந்தத் துளி இடத்துக்குள் என்னென்ன செய்யலாம் என்று தொடர்களின், படங்களின் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் போட்டி போட்டுச் செய்தார்கள். 100 பிக்சல் அளவிலேயே டெக்ஸ்சர் தொகுப்புகள் தயாரித்துப் பகிர்ந்துகொண்டார்கள், எடுத்தவர் செய்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற வழக்கமும் கூடவே வந்தது. இன்றைக்குக் கிடைக்கும் ஐகான் பாடங்களில் நல்லவை பல அந்தக் காலத்தவை. அதனால்தான், எந்த மென்பொருளை எடுத்தாலும் அந்தப் பாடங்களை அதில் அப்படியே செய்து பார்க்க முடியுமா என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

ஒப்பிடுவதற்கு ஒரே படத்தை எடுத்துக்கொள்வோம்: ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை'. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017 முதல் தன்னிடமுள்ள பொதுவுடைமைப் படங்களை சிசி0 உரிமத்தில் கொடுக்கிறது, இதுவும் அதில் இருக்கிறது, யார் அனுமதியும் வேண்டாம். 1831 வாக்கில் மரக்கட்டை அச்சில் வந்த படம். வெளிக்கோட்டுக்கு ஒரு கட்டை, நிறங்களுக்குத் தனித்தனிக் கட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். நாம் லேயர் லேயராகச் செய்வதை அவர்கள் மரத்தில் செய்திருக்கிறார்கள். முழு அலையையும் 100 பிக்சலில் திணிக்காதீர்கள், ஒன்றும் புரியாது. நகம் நகமாக நீளும் நுரைப் பகுதியை மட்டும் க்ராப் செய்தால் ஐகானுக்கு அற்புதமாகப் பொருந்தும்.

மென்பொருளுக்குப் போகும் முன், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெக்ஸ்சர் போடுவது என்றால் பிளெண்ட் மோடு போடுவது, அதாவது மேல் லேயர் கீழ் லேயரோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்வது. மல்டிப்ளை இரண்டு லேயரின் பிக்சல் எண்களையும் (0 கறுப்பு, 255 வெள்ளை) பெருக்கி 255-ஆல் வகுக்கும், அதனால் எப்போதும் இருட்டாக்கும். படத்தில் 200, டெக்ஸ்சரில் 128 என்றால் விடை சுமார் 100. வெள்ளை மறைந்துவிடும், எனவே வெள்ளைத் தாளில் விழுந்த கறை, மடிப்பு, மைத்தெறிப்பு எல்லாவற்றுக்கும் மல்டிப்ளை. ஸ்கிரீன் இதற்கு நேர் எதிர், கறுப்பு மறைந்துவிடும், அதே 200-உம் 128-உம் சேர்ந்து 228 ஆகும். கறுப்புப் பின்னணியில் எடுத்த வெளிச்சக் கசிவு, தூசி, பனித்துளி எல்லாம் இதில். ஓவர்லேயும் சாஃப்ட் லைட்டும் நடுச் சாம்பல் நிறத்தைக் கண்டுகொள்ளாது, அதைவிட வெளிச்சமானதை மேலும் வெளிச்சமாக்கும், இருட்டை இருட்டாக்கும். துணி, சுவர், சாக்குப்பை மாதிரி சொரசொரப்புகளுக்கு இவைதான். போடும் முன் டெக்ஸ்சரின் நிறத்தை எடுத்துவிட்டு ஹை பாஸ் ஃபில்டர் ஒன்றைக் கொடுங்கள். டெக்ஸ்சர் நடுச் சாம்பலுக்கு வந்துவிடும், படத்தின் நிறம் மாறாமல் சொரசொரப்பு மட்டும் ஏறும். இந்த ஒரு படியைச் செய்யாததால்தான் பலருடைய ஐகான்கள் மஞ்சள் தட்டிக் கிடக்கின்றன.

இந்த மோடுகள் கீழே வரும் நான்கிலும் இருக்கின்றன. ஆகவே மோடு பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

ஃபோட்டோபியா

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். இவான் குட்ஸ்கிர் என்ற நிரலாளர் 2013-இல் வெளியிட்டது. பிரவுசரிலேயே ஓடும், நிறுவ எதுவுமில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, பக்கவாட்டில் விளம்பரம் வரும். உங்கள் படம் வேறு எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகாமல் உங்கள் கணினிக்குள்ளேயே திறந்து வேலை செய்கிறது. குடும்பப் படத்தை வைத்து டிபி செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

முக்கியமானது, இது ஃபோட்டோஷாப்பின் நடையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் (படத்தைத் தொடாமல் மேலிருந்து நிறத்தை மாற்றுவது) உண்டு, லேயர் ஸ்டைல் (நிழல், ஒளி போன்ற அலங்காரம்) உண்டு, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூலப்படத்தை உள்ளே காத்து வைக்கும் லேயர்) உண்டு, ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறந்து பிஎஸ்டியாகவே சேவ் செய்யும். டெக்ஸ்சரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி வைத்துவிட்டால் எத்தனை முறை சுருக்கி விரித்தாலும் மூலப்படம் உள்ளே பத்திரமாக இருக்கும், அதை இருமுறை கிளிக் செய்து உள்ளே போய் வேறு டெக்ஸ்சரை ஒட்டி சேவ் செய்தால் வெளியே ஐகானில் மாறிவிடும், மேலே போட்ட பிளெண்ட் மோடும் மாஸ்க்கும் (லேயரின் ஒரு பகுதியை மறைப்பது) அப்படியே நிற்கும். நான் மேலே கேட்ட கேள்விக்கு இலவசத்தில் கிடைக்கிற நேரான பதில் இது.

பழைய லைவ்ஜர்னல் பாடங்களைப் பின்பற்ற நினைப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பாடங்களில் பாதிக்கு மேல் செலக்டிவ் கலர் என்கிற அட்ஜஸ்ட்மெண்டில்தான் நிற்கும்: சிவப்புகளில் சியானைக் குறை, மஞ்சள்களில் கறுப்பைக் கூட்டு என்று போகும். அது கிம்ப்பில் கிடையாது, ஃபோட்டோபியாவில் இருக்கிறது. அதேபோல அந்தக் காலத்து இன்னொரு புகழ்பெற்ற வித்தை, படத்துக்கு மேல் கருநீல லேயரை நிரப்பி எக்ஸ்க்ளூஷன் மோடில் வைப்பது. சிவப்பு 0, பச்சை 13, நீலம் 51 என்று நிரப்பிப் பாருங்கள். படத்தின் கறுப்பில் நீலம் 0-இலிருந்து 51-க்கு ஏறும், வெள்ளையில் 255-இலிருந்து 204-க்கு இறங்கும். அதாவது நிழலெல்லாம் நீலம் பூசிக்கொள்ளும், வெளிச்சமெல்லாம் பாலேடு நிறத்துக்குப் போகும், ஒரே லேயரில் பழைய ஃபிலிம் படத்தின் சாயல் வந்துவிடும். பேரலையில் ஏற்கெனவே நீலமும் பாலேடும்தான் என்பதால் அதில் இது கொஞ்சம் அடங்கியே தெரியும். மனித முகம் உள்ள படங்களில் பளிச்சென்று தெரியும்.

குறைகள்? பிரவுசரின் நினைவகத்தை நம்பி ஓடுவதால், பெரிய டெக்ஸ்சர் படங்களை நாலைந்து திறந்து வைத்தால் பழைய கணினிகள் திணறும். டேபை மூடிவிட்டால் சேவ் செய்யாதது போய்விடும். விளம்பரம் திரையின் ஒரு பக்கத்தைத் தின்னும், சின்ன லேப்டாப்பில் இது எரிச்சல்தான். இவ்வளவும் தெரிந்தே சொல்கிறேன், மாதத்துக்கு நாலு ஐகான் செய்கிறவர் இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை.

கிம்ப்

நிறையச் செய்கிறவர்கள், சொந்தக் கணினியில் எல்லாம் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், லினக்ஸ் வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு கிம்ப். பெர்க்லியில் இரண்டு மாணவர்கள், ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும், 1990-களின் நடுவில் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள்.

கிம்ப் பற்றி வலையில் கிடக்கும் வசைகளில் பெரும்பகுதி பழைய பதிப்புகளைப் பற்றியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். முன்பு ஒரு லேயருக்கு கர்வ்ஸ் (வெளிச்சத்தைத் திருத்தும் கருவி) கொடுத்தால் கொடுத்ததுதான், பிக்சல் மாறிவிடும், பின்னால் போய்த் திருத்த ஒரே வழி அன்டூ. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் அது மாறிவிட்டது. இப்போது ஃபில்டர்கள் லேயரின் மேல் தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, லேயர் பட்டியலில் அதன் குறியைத் தட்டி அளவை மாற்றலாம், அணைத்து வைக்கலாம், கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் ஃபைலில் சேவ் செய்து மூடிவிட்டு மறுநாள் திறந்தாலும் அப்படியே இருக்கும். பெவல், நிழல், உள்ளொளி போன்ற அலங்காரங்களும் ஃபில்டராகவே வந்துவிட்டன. டெக்ஸ்சருக்கு ஹை பாஸ் கொடுத்துவிட்டு அதன் அளவைப் பிறகு மாற்றிக்கொள்ள முடிவது ஐகான் செய்கிறவருக்குப் பெரிய விடுதலை.

ஆனால் முழுவதும் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஃபோட்டோஷாப்பில் இருப்பது போல, கீழே உள்ள எல்லாவற்றையும் பாதிக்கிற தனி அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் 3.0-இல் இல்லை, லேயர்களை ஒரு குழுவாக்கி அந்தக் குழுவுக்கு ஃபில்டர் கொடுத்துச் சமாளிக்க வேண்டும். அந்தப் பதிப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டும் இல்லை, டெக்ஸ்சரை ஒருமுறை சுருக்கி மறுபடி விரித்தால் மங்கிவிடும். அதற்கு வழி, பெரிய மூலத்தின் பிரதி ஒன்றை (கண் குறியை அணைத்து) மறைத்த லேயராக அடியில் வைத்துக்கொள்வது. கிளிப்பிங் மாஸ்க்கும் (மேல் லேயரைக் கீழ் லேயரின் வடிவத்துக்குள் அடக்குவது) அந்தப் பெயரில் இல்லை. லேயரின் காம்போசிட் மோடைப் பின்புலத்துக்குள் அடங்குமாறு மாற்றினால் கிட்டத்தட்ட அதே விளைவு வரும், ஆனால் அந்த அமைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இனி கிம்ப்பில் பலரைக் குழப்புகிற, ஆனால் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு விஷயம். அதே பேரலை, அதே தாள் டெக்ஸ்சர், அதே மல்டிப்ளை, அதே 50 சதவீதம். ஃபோட்டோபியாவிலும் கிம்ப்பிலும் வைத்துப் பாருங்கள், இரண்டும் வேறு வேறாகத் தெரியும். தவறு உங்களுடையதில்லை. 2018-இல் வந்த 2.10 முதல் கிம்ப் சில மோடுகளை, மல்டிப்ளை உட்பட, லீனியர் கணக்கில், அதாவது உண்மையான ஒளியின் அளவில், பெருக்குகிறது. மற்ற மென்பொருள்கள் நாம் திரையில் பார்க்கும் எண்களையே பெருக்குகின்றன. லேயரை வலது கிளிக் செய்து பிளெண்ட் ஸ்பேஸ் என்பதை பெர்செப்சுவல் என்று மாற்றினால் மற்ற மென்பொருள்களின் தோற்றம் வந்துவிடும். அல்லது மோடு பட்டியலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி லெகசி (பழைய மோடுகள்) தொகுப்புக்குப் போகலாம். லெகசியிலும் ஒரு வேடிக்கை: 2.8 காலத்து கிம்ப்பில் ஓவர்லே என்ற பெயரில் இருந்தது உண்மையில் சாஃப்ட் லைட்தான், 2.10-இல்தான் சரிசெய்தார்கள். பழைய கிம்ப் பாடம் ஒன்றில் "ஓவர்லே 100" என்று இருந்தால் இன்றைய பதிப்பில் சாஃப்ட் லைட் போட்டுப் பாருங்கள்.

தமிழ் எழுத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் கிம்ப்பில் கவலையே இல்லை. யூனிகோட் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கேட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை, பாலூ தம்பி எல்லாம் இலவசமாகக் கிடைக்கிற எழுத்துருக்கள், நிறுவினால் உடனே பட்டியலில் வந்துவிடும். 100 பிக்சலில் தமிழ் என்றால் ஓரிரு எழுத்துதான் தாங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ஞெ', 'ணை' மாதிரி எழுத்துகள் அந்த அளவில் கரும்புள்ளியாகிவிடும், 'ப', 'ட', 'ய' பிழைத்துக்கொள்ளும்.

கிரிட்டா

கிரிட்டாவைப் பலர் ஓவியர்களுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஓவியர்களுக்கானதுதான், ஆனால் டெக்ஸ்சர் ஐகானுக்கு இதில் இருக்கிற சில வசதிகள் மற்ற இலவச மென்பொருள்களில் இவ்வளவு நேர்த்தியாக இல்லை. ஃபைல் லேயர் என்று ஒன்று உண்டு: டெக்ஸ்சரை ஐகானுக்குள் ஒட்டாமல், கணினியில் இருக்கும் படத்துக்கு ஒரு இணைப்பாக வைக்கலாம். அந்தப் படத்தை மாற்றினால் ஐகானிலும் மாறும். ஃபில்டர் லேயரும் ஃபில்டர் மாஸ்க்கும் பல காலமாகவே இருக்கின்றன, கிம்ப் 2025-இல் கற்றுக்கொண்டதை கிரிட்டா எப்போதோ செய்துகொண்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்ம் மாஸ்க் போட்டால் சுருக்குவதும் திருப்புவதும்கூடப் பின்னால் மாற்றக்கூடியதாக நிற்கும்.

இதைவிடப் பெரியது, டெக்ஸ்சரை நீங்களே உருவாக்குவது. டபிள்யூ விசையை அழுத்தினால் கேன்வாஸ் எல்லாப் பக்கமும் தன்னையே திரும்பத் திரும்பக் காட்டும், வலது ஓரத்தில் வரைந்தது இடது ஓரத்தில் வந்து சேரும், ஓட்டுத் தெரியாத டெக்ஸ்சர் பத்து நிமிடத்தில் தயார். 2020 அக்டோபரில் வந்த 4.4 முதல் சமன்பாடு எழுதி டெக்ஸ்சர் வரவழைக்கும் நிரப்பு லேயரும் உண்டு, அதற்கெல்லாம் பொறுமை உள்ளவர்கள் போகலாம். கையெழுத்தாக, தூரிகைத் தடம் தெரிகிற மாதிரி ஐகான் வேண்டும், கிராஃபிக் டேப்லெட் இருக்கிறது என்றால் யோசிக்காமல் கிரிட்டா.

எழுத்து வைப்பது அதன் பலம் இல்லை, எழுத்தை வேறெங்காவது செய்து கொண்டுவாருங்கள். அப்புறம், ஒரு புகைப்படத்தின் நிறத்தை நுணுக்கமாகத் திருத்துவதே முக்கிய வேலை என்றால் கிரிட்டா சுற்றிவளைத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

ஃபோட்டோஷாப்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். முடியாதது எதுவுமில்லை. லேயர் என்பதே 1994-இல் வந்த இதன் 3.0 பதிப்பில்தான் பெரும்பாலானவர்களுக்கு அறிமுகமானது, அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் 1996-இல், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் 2005-இல். ஐகான் பாடங்கள் எல்லாம் இதன் மொழியில் எழுதப்பட்டவை. ஆனால் 2013-க்குப் பிறகு சந்தாதான், பணம் கட்டுவதை நிறுத்தினால் கதவு மூடிவிடும், கணினியில் குறைந்தது 8 ஜிபி ரேம் கேட்கிறது. ஐகானுக்காக மட்டும் இதற்குச் சந்தா கட்டுவது வீண் செலவு என்பது என் கருத்து. வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஏற்கெனவே இருக்கிறதா, தாராளமாகப் பயன்படுத்துங்கள். கிராக் செய்த பதிப்பைப் பற்றி: இவ்வளவு இலவச வழிகள் இருக்கும்போது வைரஸை வீட்டுக்கு அழைக்க ஒரு காரணமும் இல்லை.

தமிழ் எழுதுகிறவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பதிப்புகளில் 'கொ', 'போ' எல்லாம் கொம்பும் காலும் பிரிந்து கன்னாபின்னாவென்று வந்தால், விருப்பத் தேர்வுகளில் எழுத்து என்ற பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை இந்திய மொழிகளைத் தாங்குகிற வேர்ல்டு-ரெடி அமைப்புக்கு மாற்றுங்கள். இது தெரியாததால்தான் அச்சகங்களில் இன்றும் பலர் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களிலேயே வேலை செய்கிறார்கள். ஐகான் கடைசியில் படம்தான் என்பதால் பாமினியில் செய்தாலும் குடி முழுகிவிடாது, ஆனால் புது எழுத்துருக்களின் அழகு கிடைக்காது.

மற்றவை

பெயிண்ட் டாட் நெட் விண்டோஸில் இலேசாக ஓடும், எனக்குப் பிடித்த மென்பொருளும்கூட, ஆனால் இந்த வேலைக்கு இல்லை. அதனுடன் வருகிற மோடுகளில் சாஃப்ட் லைட் இல்லை, லேயர் மாஸ்க் இல்லை, அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் இல்லை, எழுதிய எழுத்தை விட்டு நகர்ந்தால் அதைத் திருத்தவும் முடியாது. திரும்பிப் போகும் பாதை எல்லாப் பக்கமும் அடைபட்டிருக்கிறது. அஃபினிட்டி முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியது. கேன்வா நிறுவனம் 2024-இல் அதை வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. விண்டோஸும் மேக்கும் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று, திருத்தக்கூடிய ஃபில்டர்களும் அட்ஜஸ்ட்மெண்ட்களும் இதில் நன்றாகவே இருக்கின்றன. லினக்ஸுக்கு இல்லை, கேன்வா கணக்கும் வேண்டும்.

ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்றால்? நம்மில் பலருக்கு நிலைமை அதுதான். ஐபிஸ் பெயிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், லேயர், கிளிப்பிங், பிளெண்ட் மோடு எல்லாம் ஒழுங்காக இருக்கும். எழுத்துதான் ஐகானின் மையம் என்றால் ஆண்ட்ராய்டில் பிக்சல்லேப், எழுத்துக்குள் டெக்ஸ்சரை நிரப்ப அதைவிடச் சுலபமான வழி ஃபோனில் நான் பார்த்ததில்லை.

பெரிதாகச் செய்வதா, சிறிதாகவே செய்வதா

மென்பொருளைவிட இந்த முடிவுதான் ஐகானை ஆக்கும் அல்லது கெடுக்கும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஃபோனில் சுவரைப் படமெடுத்தால் 4000 பிக்சல் அகலத்தில் வரும். அதை முழுசாக 100 பிக்சலுக்குச் சுருக்கினால் 40-க்கு 40, அதாவது 1600 பிக்சல்கள் சேர்ந்து ஒரே பிக்சலாகும். சொரசொரப்பு என்பதே பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையிலான வேறுபாடு. 1600-ஐச் சராசரி எடுத்தால் அந்த வேறுபாடு எங்கே இருக்கும்? வழவழவென்று ஒரு பழுப்புச் சதுரம் மிஞ்சும். எனவே 100 பிக்சல் ஐகான் என்றால் முதலில் மூலப்படத்தை க்ராப் செய்து 100-க்குச் சுருக்குங்கள், கொஞ்சம் ஷார்ப்பன் கொடுங்கள், அதன் பிறகு டெக்ஸ்சரைப் போடுங்கள், அந்த டெக்ஸ்சரையும் முழுப் படமாகச் சுருக்காமல் அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். லைவ்ஜர்னல்காரர்கள் 100 பிக்சலிலேயே டெக்ஸ்சர் செய்து பகிர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

டிபிக்கு வேறு கணக்கு. அங்கே ஒரே படம் அரட்டைப் பட்டியலில் சின்னதாகவும், தட்டினால் திரை அகலத்துக்கும் தெரியும். 1024 பிக்சலில் செய்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு சாளரத்தில் அதே ஃபைலை 10 சதவீத அளவில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வேலை செய்யுங்கள். டெக்ஸ்சரில் பெரிய வடிவம் ஒன்று (நீளமான கீறல், மடிப்பு, நீர்க்கறையின் வளைவு) சிறிய அளவுக்கு, நுண்ணிய மணல் பெரிய அளவுக்கு என இரண்டு லேயராக வைத்தால் இரண்டு இடத்திலும் நிற்கும்.

வட்டத்தையும் மறக்கக் கூடாது. இப்போது பெரும்பாலான இடங்களில் சதுரத்தை வட்டமாக வெட்டித்தான் காட்டுகிறார்கள், சதுரத்தின் பரப்பில் சுமார் 78.5 சதவீதம்தான் மிஞ்சும், போவது நாலு மூலையும். பழைய ஐகான் தொகுப்புகளில் பாதி கிழிந்த ஓரம், கருகிய மூலை, தபால்தலைச் சட்டகம் மாதிரியானவை, வட்டத்துக்குள் அவற்றுக்கு வேலையே இல்லை. ஓரத்தில் ஏதாவது வேண்டுமென்றால் வட்டமான கிரேடியண்ட் மாஸ்க் ஒன்றைப் போட்டு நடுவில் மெலிந்து வெளியே தடிக்கிற மாதிரி டெக்ஸ்சரை வையுங்கள். பேரலையின் நகங்களும் வட்டத்துக்குள் வருகிறதா என்று க்ராப் செய்யும்போதே பார்த்துவிடுங்கள்.

டெக்ஸ்சர் எங்கிருந்து

தயார் தொகுப்பா, சொந்தப் படமா? அவசரத்துக்குப் பாலி ஹேவன், ஆம்பியண்ட்சிஜி இரண்டும் சிசி0-இல் கொடுக்கின்றன, தயக்கமில்லாமல் எடுக்கலாம். தேடுபொறியில் கிடைத்ததை எல்லாம் எடுத்துப் போடுவது வேறு விஷயம், அது யாருடையது என்றே தெரியாது. நான் சொந்தப் படத்தின் கட்சி. சுண்ணாம்பு உரிந்த சுவர், துருப்பிடித்த ஷட்டர், கோணிப்பை, காய்ந்த வாழைச்சருகு, பட்டுப்புடவையின் ஜரிகை. எதையெடுத்தாலும் நன்றாக வரும், யாரிடமும் இருக்காது. பக்கவாட்டில் வெயில் விழும் காலையிலோ மாலையிலோ எடுங்கள், மேடு பள்ளத்தின் நிழல் அப்போதுதான் விழும். உச்சி வெயிலில் எடுத்தால் தட்டையாக இருக்கும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பழைய நோட்டுத் தாளை ஸ்கேனரில் வைத்து எடுத்தால் மல்டிப்ளைக்கு அதைவிடச் சிறந்ததில்லை.

சேவ் செய்யும் இடத்தில் பலர் ஜேபெக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சின்ன ஃபைலாக இருக்கும் என்று. 100 x 100 ஐகானில் மொத்தம் 10,000 பிக்சல், ஒன்றுக்கு மூன்று பைட் என்றால் அமுக்காமலே 30,000 பைட்தான், 40 கேபி வரம்புக்குள் பிஎன்ஜி எப்போதும் அடங்கிவிடும். ஜேபெக் படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து அமுக்குவது, நீங்கள் பாடுபட்டுப் போட்ட மணலை முதலில் தின்பதும் அதுதான். ஜிஃப்பில் 256 நிறம் மட்டும், அசைகிற ஐகானுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பிஎன்ஜி எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால் கேமரா விவரமும் முன்னோட்டப் படமும் ஃபைலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஏற்றுமதிப் பெட்டியில் அந்த டிக்குகளை எடுத்துவிடுங்கள். நிற விவரத்தை எடுக்கும் முன் மட்டும் படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பேரலையின் நீலம் வேறு திரையில் வெளுத்துப்போய் வரும்.